விட்டுவைக்கும் இரண்டு விரற்கடை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சாலைகளில் பாதிக்கு மேல் தார் காணாதவை. அவற்றிலிருந்து பிரிந்து வீட்டு வாசல் வரை போகும் தனிப்பாதைகளிலும் பெரும்பாலும் ஜல்லிதான். நவம்பரில் தொடங்கும் பனி ஏப்ரல் வரை விழும். பிக்கப் வண்டியின் முகப்பில் இரும்பு பிளேடைப் பூட்டி அதை ஒதுக்குகிறார்கள். தார்ப் பாதையில் இதற்கு யோசனையே வேண்டாம். பிளேடைத் தரையில் படியவிட்டு ஓட்டினால் வேலை முடிந்தது. ஜல்லிப் பாதையில் அப்படி ஓட்டினால் பனியோடு பாதையும் சேர்ந்து போய்விடும். காசு கொடுத்துக் கொட்டிய கல், பனி கரைந்த பிறகு புல்வெளியில் வரிசைகட்டிக் கிடக்கும். அதை அங்கேயே விட்டுவிடவும் முடியாது. மே மாதம் புல் வெட்டும் இயந்திரத்தில் மாட்டி ஜன்னல் கண்ணாடியைத் தேடிப் போகும்.

இதற்கு அந்தப் பக்கத்தில் பழகியவர்கள் வைத்திருக்கும் விதி சுருக்கமானது: முதல் பனியை அள்ளாதே, மிதி. பருவத்தின் முதல் ஒன்றிரண்டு பனிப்பொழிவுகளை வண்டிச் சக்கரத்தால் ஏறி இறங்கி அழுத்திவிட வேண்டும். இரவுக் குளிரில் அது இறுகி, இரண்டு விரற்கடை கனத்தில் வெள்ளைத் தளமாகிவிடும். அதன்பின் விழுவதையெல்லாம் அந்தத் தளத்தின்மேல் வைத்து வழித்தால் போதும், கல்லை பிளேடு தொடாது.

சோம்பேறித்தனம்போலத் தோன்றினாலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. மோட்டார் வண்டி வருவதற்கு முன் அந்த ஊர்களில் பெரும்பாலும் பனியை யாரும் அகற்றியதில்லை. ஆளுயர மர உருளைகளைக் குதிரைகள் இழுத்துப்போய்ப் பனியை அழுத்தின. அதன்மேல் சறுக்குவண்டிகள் ஓடின. கூரை போட்ட மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், வெளியிலிருந்து பனியை அள்ளிக்கொண்டுபோய்ப் பாலத்தின் தளத்தில் பரப்புவதற்கே ஆள் போட்டிருந்தார்கள். பனி பகையானது ரப்பர் சக்கரம் வந்த பிறகுதான்.

இயற்பியலும் இந்த விதியின் பக்கம் நிற்கிறது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும், மீதியெல்லாம் காற்று. அந்தக் காற்று கம்பளிபோல மண்ணின் சூட்டைக் காத்து நிற்கும். மேலே கடுங்குளிர் இருந்தாலும், தடித்த பொதுபொதுப் பனிக்கு அடியில் தரை உறையாமல் நெகிழ்ந்தே கிடக்கும், கல்லும் ஆடிக்கொண்டிருக்கும். அழுத்தினால் காற்று வெளியேறி அடர்த்தி நான்கைந்து மடங்காகிறது, குளிர் மண்ணுக்குள் இறங்குகிறது, கல்லுக்கு இடையிலுள்ள ஈரம் உறைந்து பாதையே கான்கிரீட்போல் பிடித்துக்கொள்கிறது. ஆக, மிதிப்பதால் மேலே ஒரு தளமும் கிடைக்கிறது, அடியில் கல்லும் பூட்டப்படுகிறது. நன்றாக உறைந்த ஜனவரிப் பாதையில் வெறும் பிளேடை இறக்கினால்கூடப் பெரிய சேதமில்லை. ஆபத்தெல்லாம் பருவத்தின் இரு முனைகளில், உறையாத நவம்பர் மண்ணிலும் இளகிய மார்ச் மண்ணிலும் இருக்கிறது.

மிதிப்பதன் விலையைப் பலர் யோசிப்பதில்லை. குளிர் இறங்குவது கல்லோடு நிற்காது. பாதைக்கு அடியில் வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் போதிய ஆழத்தில் இல்லையென்றால் முதலில் உறைவது அந்த இடம்தான். பக்கத்துப் புல்வெளிக்கு அடியில் போகும் குழாய் பனிப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மிதித்த தளம் குளிர் தொடர்ந்து இருக்கும்வரைதான் தளம். நடுக்குளிர்காலத்தில் ஒருநாள் மழை பெய்து மறுநாள் உறைந்தால் அது பனிக்கட்டிப் பலகை. சமதரையில் சமாளிக்கலாம், மேட்டு வீடுகளுக்கு ஏறும் சரிவுப் பாதையில் ஆம்புலன்ஸும் ஏறாது, எரிவாயு கொண்டுவரும் லாரியும் ஏறாது. உப்பைத் தூவிக் கரைக்கலாமே என்றால், ஜல்லிப் பாதையில் உப்பு மேற்பரப்பை இளக்கிச் சேறாக்கிவிடும். மறுபடி பிளேடு வந்தால் கல் கிளம்பும். அதனால் மணல்தான் கதி. வெர்மான்டில் மற்ற பருவங்களைவிடக் குளிர்காலமே வேகமாகச் சூடேறி வருகிறது. தொடர்குளிரை நம்பி உண்டான வழக்கம், விட்டுவிட்டு வரும் குளிருக்குப் பொருந்தாது. பழைய ஆட்கள் சொல்வது தவறென்று சொல்லமாட்டேன்; அவர்கள் சொன்ன காலத்தின் குளிர்காலம் இப்போது வடக்கே நகர்ந்துவிட்டது.

கருவிகள் பக்கம் வந்தால், பிளேடோடு விற்கப்படும் ‘ஷூ’ என்னும் இரும்புக் காலணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளேடின் இருபுறமும் மாட்டி அரை அங்குலமோ ஒரு அங்குலமோ தூக்கி வைக்கலாம். கெட்டித் தரையில் சரி. இளகிய தரையில் முழுப் பாரமும் இரண்டு சின்ன வட்டங்களில் இறங்குவதால் அவை புதைந்து, தாங்களே இரண்டு கோடுகளை உழுதுகொண்டு போகும். ஜல்லியில் சீக்கிரம் தேய்ந்தும் விடும்.

பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த குழாய் வேறு ரகம். ஒன்றரை அல்லது இரண்டு அங்குல இரும்புக் குழாயை பிளேடின் நீளத்துக்கு அறுத்து, அதன் ஒரு பக்கத்தில் நெடுக ஒரு வெட்டு போடுகிறார்கள். வெட்டின் அகலம் பிளேடின் கீழ் விளிம்பு நுழையும் அளவு. விளிம்பில் சொருகி, இரண்டு மூன்று இடங்களில் போல்ட் போட்டு இறுக்கினால், கூரிய விளிம்பு இருந்த இடத்தில் உருண்டையான அடிப்பாகம் வந்துவிடுகிறது. கூர்விளிம்பு கல்லின் முகத்தில் முட்டித் தோண்டும். உருண்டை கல்லின் தலைமேல் ஏறிப் போகும். பாரமும் முழு நீளத்துக்கும் பரவுகிறது. செலவு சொற்பம், தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று. என் கணிப்பில் நவம்பர் மாதத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் இறுகிய பனியைக் குழாய் வெட்டாது, தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்வதால் பிப்ரவரிக்குள் பாதை மேடாகும். அப்போது அதைக் கழற்றத்தான் வேண்டும். பருவம் முழுக்க மாட்டியே வைத்திருப்பவர்கள்தான் பிறகு குழாயைக் குறை சொல்கிறார்கள்.

பனியை அள்ளித் தூர வீசும் இயந்திரத்திலும் வகை பார்க்க வேண்டும். சிறிய ஒற்றைக்கட்ட இயந்திரத்தின் சுழலி தரையைத் தொட்டே வேலை செய்யும். ஜல்லியில் அது கல்லெறியும் இயந்திரம். பெரிய இரட்டைக்கட்ட வகையில் சுழலியைத் தரைக்கு மேலே தூக்கி வைக்கலாம். டிராக்டர் வைத்திருப்பவர்களின் உத்தி எனக்கு இன்னும் பிடிக்கும்: பின்னால் மாட்டும் பிளேடை முன்பின்னாகத் திருப்பி, அதன் வளைந்த முதுகு தரையில் படும்படி இழுக்கிறார்கள். தனிக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை.

இத்தனை பேச்சும் பிளேடின் விளிம்பைச் சுற்றியே நடக்கிறது. கல் ஏன் கிளம்புகிறது என்று பாதையைப் பார்த்துக் கேட்பவர்கள் குறைவு. அழகுக்காகக் கூழாங்கல் கொட்டிய பாதையை எந்தக் குழாயும் காப்பாற்றாது. உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது, உருளும். கிரஷரில் உடைத்த முனையுள்ள கல், அதோடு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்தூள், இரண்டும் சேர்ந்தால்தான் இறுகும். தண்ணீர் வடிய நடுவில் மேடும் வேண்டும். வடியாத பாதையில் ஈரம் உறைந்து விரிந்து கல்லைத் தானே மேலே தள்ளிவிடும்.

அந்த நடுமேட்டில்தான் முடிச்சு விழுகிறது. நல்ல ஜல்லிப் பாதைக்கு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் சரிவு என்பது பொதுக் கணக்கு. மூன்று மீட்டர் அகலப் பாதையில் நடு, ஓரத்தைவிட ஆறு சென்டிமீட்டர் உயரம். பிளேடோ நேர்கோடு. அது நடுவைச் சுரண்டும், ஓரத்தில் பனியை விட்டுவிடும். அகலமான சாலையில் ஒரு பக்கமாக ஓட்டி வண்டியையே சாய்த்துக்கொள்ளலாம். குறுகிய வீட்டுப் பாதையில் அதற்கு இடமில்லை. தண்ணீருக்கு நல்லது பிளேடுக்கு ஆகாது. மேட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது, நடுவில் மிதித்த தளத்தைக் கனமாக விடுவது என்று சமரசம்தான் செய்ய முடிகிறது.

இந்த யோசனைகளெல்லாம் சொந்தப் பாதையைத் தானே வழிப்பவருக்கானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூலிக்கு வழிப்பவர் விடியற்காலைக்குள் பல வீடுகளை முடிக்க வேண்டியவர். ஒரு வீட்டில் தார், அடுத்ததில் ஜல்லி. வீட்டுக்கு வீடு குழாயை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க அவருக்கு நேரமேது? பிளேடைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அனுமானமாக ஓட்டுவார். அவரிடம் வீட்டுக்காரர் கேட்டுப்பெறக்கூடியது ஒன்று உண்டு: தரை உறையும்வரை, நாலைந்து அங்குலத்துக்குக் குறைவாக விழுந்தால் வரவே வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. வருகைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு இது கசக்கும்; பருவத்துக்கு மொத்தமாகப் பேசினால் ஒத்துக்கொள்வார்.

மார்ச் கடைசியில் பாதை சேறாகும் வாரங்களுக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவாது. அந்த நாட்களில் விழும் பனி பெரும்பாலும் மறுநாளே கரைந்துவிடும். வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போவதுதான் அங்குள்ள வழக்கம், பிளேடைக் கொட்டகைக்குள் வைத்துவிடலாம்.