அக்கரையின் அன்றாடம்

பா. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலைப் போர்க்கதை என்று கூறி அமைவோர் பலர். மெடான் நகரில் ஜப்பானியப் படை நுழைவதும் பாண்டியனின் சாகசங்களும் அதில் உண்டுதான். ஆயினும், நம் உள்ளத்தில் தங்குவது சுமத்ராவின் வட்டிக்கடைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த தமிழனின் அன்றாட வாழ்வே.

ஆசிரியர் 1938-இல் மெடான் சென்று 1946-இல் மீண்டவர். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்னும் படிநிலை அவர் கண்ணாரக் கண்டது. நிலநடுக்கோட்டுக்கு அணித்தான அவ்வூரில் வெயிலும் மழையும் ஆண்டு முழுதும் பெரிதும் ஒன்றுபோலவே. தையையும் ஆடியையும் அங்கே வானம் அறிவிப்பதில்லை. கடைக்கணக்கின் மூன்றாண்டுத் தவணையே அறிவிக்கிறது.

பாண்டியன் சின்னமங்கலத்துச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் பக்கம் பக்கமாக நினைவுகூர்வதை மிகையென்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். அயல்வாழ்வை அரபியில் 'குர்பத்' என்பர். மஃரிப் என்னும் சொல்லுக்கும் அதுவே வேர். இரண்டிலும் மறைவு என்னும் பொருள் நிழலாடுகிறது. கண்ணுக்கு மறைந்த ஊரைக் கடை கடையாக எண்ணிப் பார்ப்பதன்றி அயலில் வாழ்பவனுக்கு வேறு கைம்முதல் ஏது? சபர் சென்றோரின் கடிதங்களை வாசித்துப் பழகிய நம் வீட்டாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குறையொன்றும் சொல்லத்தான் வேண்டும். அக்கரையில் இருப்பவனின் ஏக்கத்தை இத்துணை நுட்பமாகத் தீட்டிய எழுதுகோல், இக்கரையில் தவணைகளை எண்ணிக் காத்திருந்த பெண்களின் மனத்துள் புகவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அன்னார் இல்லாத தெரு ஏது? அவர்கள் பக்கத்துக் கதைக்கு இந்நாவலில் இடமில்லை.