நெருப்பும் நீதியும்: மேலைப் பண்பாட்டில் புரோமீத்தியஸ் தொன்மம்

மேலைப் பண்பாடு கிரேக்கத் தொன்மங்களில் வேர்கொண்டது என்பது இலக்கிய வரலாறுகள் பலவற்றிலும் காணப்படும் கருத்தாகும். ஆயின், தொன்மம் ஒன்று ஒரு பண்பாட்டை எவ்வாறு உருவாக்குகிறது என்னும் வினாவிற்கு அக்கருத்தில் விடையில்லை. பழங்கதை ஒன்று நெடுங்காலம் போற்றப்பட்டமையாலேயே அது பண்பாட்டை வடிவமைத்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. அக்கதை எவ்வெவ்வினாக்களை எழுப்பியது, அவ்வினாக்கள் இலக்கியத்திலும் மெய்யியலிலும் எவ்வாறு தொடர்ந்தன என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். நெருப்பைக் களவாடி மனிதர்க்கு ஈந்த புரோமீத்தியஸின் கதையை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹெசியடின் கதை

இத்தொன்மத்தின் மிகப் பழைய எழுத்து வடிவம் கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் ஹெசியடின் 'தேவர் பிறப்பு', 'பணிகளும் நாட்களும்' ஆகிய இரு பாடல்களில் கிடைக்கிறது. பலிவிலங்கின் ஊனைப் பங்கிடுகையில் எலும்புகளைக் கொழுப்பால் மூடிவைத்துச் சீயுஸை வஞ்சிக்கிறான் புரோமீத்தியஸ். சினமுற்ற சீயுஸ் மனிதரிடமிருந்து நெருப்பை மறைக்க, அவன் அதனை உள்ளீடற்ற தண்டொன்றில் ஒளித்துக் கொணர்கிறான். அதற்குத் தண்டனை இரு திறத்தார்க்கும் கிட்டுகிறது. அவன் பிணைக்கப்படுகிறான், கழுகு அவன் ஈரலை உண்கிறது. மனிதர்க்கோ பண்டோரா அனுப்பப்படுகிறாள்; அவள் சாடியைத் திறக்க, நோயும் துன்பமும் உலகில் பரவுகின்றன.

ஹெசியடைப் பொறுத்தவரை புரோமீத்தியஸ் போற்றுதற்குரிய வீரன் அல்லன். மனிதன் ஏன் உழைத்து உண்ண வேண்டியுள்ளது என்பதற்கு அவனது வஞ்சனையே காரணமாகக் காட்டப்படுகிறது. பிற்கால மேலைநாடுகள் தமது முன்னேற்றத்தின் சின்னமாகக் கொண்டவன், முதற்கண் இழப்பின் காரணனாகவே அறிமுகமானான் என்பது கருதத்தக்கது.

நாடகம் எழுப்பிய வினா

எஸ்கிலஸின் பெயரால் வழங்கும் 'பிணைக்கப்பட்ட புரோமீத்தியஸ்' என்னும் நாடகம் இத்தீர்ப்பை மாற்றியது. இந்நாடகம் அவர் இயற்றியதுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1977இல் மார்க் கிரிஃபித் வெளியிட்ட ஆய்வு அவ்வையத்தை வலுப்படுத்தியது. எனினும் பிற்கால ஐரோப்பா இதனை எஸ்கிலஸின் படைப்பாகவே பயின்றது.

இந்நாடகத்தில் நெருப்பு ஒரு தனிப்பொருளன்று. எண், எழுத்து, விண்மீன் அறிவு, விலங்குகளை நுகத்தில் பூட்டல், மரக்கலம், மருத்துவம், உலோகம் என நாகரிகக் கலைகள் அனைத்தையும் தானே வழங்கியதாகப் புரோமீத்தியஸ் கூறுகிறான். சீயுஸ் அண்மையில் அரியணை ஏறிய கொடுங்கோலனாகக் காட்டப்படுகிறான். அவனுடைய ஏவலர்களாக வலிமையும் வன்முறையுமே உருவம் பெற்று அரங்கில் தோன்றுகின்றன. ஆகவே, நாடகம் எழுப்பும் வினா ஆட்சியைப் பற்றியது: நீதியற்ற அதிகாரத்திற்குப் பணிதல் தகுமா என்பதே அது.

பிளேட்டோ எழுப்பிய வினா

பிளேட்டோவின் 'புரொடகோரஸ்' உரையாடலில் இக்கதை பிறிதொரு வடிவம் பெறுகிறது. அங்குக் கதை சொல்பவர் சாக்ரடீஸ் அல்லர். புரொடகோரஸ் என்னும் ஆசிரியரே ஆவார். எபிமீத்தியஸ் எல்லா ஆற்றல்களையும் விலங்குகளுக்கே பங்கிட்டுத் தீர்த்துவிட, மனிதன் வெற்றுடலோடு நிற்கிறான். புரோமீத்தியஸ் நெருப்பையும் தொழிற்கலைகளையும் திருடித் தந்து அவனைக் காக்கிறான். எனினும் அக்கொடை போதவில்லை. நகரமைத்துக் கூடிவாழ முயன்ற மனிதர் ஒருவர்க்கொருவர் தீங்கிழைத்துச் சிதறுகின்றனர். மனித இனமே அழியுமோ என அஞ்சிய சீயுஸ், நாணத்தையும் நீதியையும் ஹெர்மிஸ் வழியாக அனுப்புகிறான். மருத்துவம் போன்ற கலைகள் ஒரு சிலரிடம் இருந்தாற் போதும். இவ்விரண்டும் எல்லார்க்கும் பங்கிடப்பட வேண்டும் என்பது அவன் ஆணை.

நாடகம் நீதியற்ற ஆட்சியைக் கண்டிக்க, உரையாடலோ நீதியற்ற தொழில்நுட்பத்தின் போதாமையைச் சுட்டுகிறது. முன்னதில் நீதியின்றி ஆள்பவன் சீயுஸ். பின்னதில் நீதியை வழங்குபவனும் அவனே. ஒரே தொன்மத்திலிருந்து எழுந்த இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒன்றையொன்று நிறைவு செய்வன எனலாம்.

அறிவொளிக் காலம்

1755இல் லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கத்தை அடுத்துக் காண்ட் சில கட்டுரைகள் எழுதினார். 1756இல் வெளிவந்த அவற்றுள் ஒன்றில், இடியின் ஆற்றலைப் பறிக்க முனைந்த பெஞ்சமின் ஃபிராங்ளினை அவர் புதிய காலத்துப் புரோமீத்தியஸ் எனச் சுட்டினார். இத்தொடர் பெரும்பாலும் புகழுரையாகவே எடுத்தாளப்படுகிறது. ஆயின் அது பயின்றுவரும் இடத்தை நோக்கின், மனிதனது துணிவு அவனது ஆற்றலை விஞ்சியது. இறுதியில் அவன் மனிதனே என்னும் எச்சரிக்கையே அங்குப் பேசப்படுவது புலனாகும். சொல்லை அதன் சூழலிலிருந்து பிரித்ததனால் எச்சரிக்கை வாழ்த்தாகிவிட்டது.

1770களின் முற்பகுதியில் கதே எழுதிய 'புரோமீத்தியஸ்' கவிதையோ கலகக் குரலின் உச்சம். 1785இல் யாக்கோபி அதனைக் கதேயின் இசைவின்றி வெளியிட்டார். அதனைப் படித்த லெசிங் வெளியிட்டதாக அவர் அறிவித்த கருத்துகள், இறைவனையும் உலகையும் ஒன்றெனக் காணும் ஸ்பினோசாவின் கொள்கை பற்றிய பெரும் விவாதத்தைத் தூண்டின. ஒரு கவிதை மெய்யியல் வழக்காக மாறியமைக்கு இது தக்க சான்றாகும்.

ஒரே இல்லத்தில் இரு வினாக்கள்

ஏதென்சில் எழுந்த அவ்விரு வினாக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இல்லத்திலிருந்தே மீண்டும் எழுந்தன. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இலும், அவர் கணவர் பெர்சி ஷெல்லியின் 'விடுதலை பெற்ற புரோமீத்தியஸ்' 1820இலும் வெளிவந்தன.

பெர்சி ஷெல்லி நாடகத்தின் வினாவை எடுத்துக்கொண்டார். மனித இனத்தின் காவலனும் அதனை ஒடுக்கியவனும் சமரசம் கொள்ளும் முடிவைத் தாம் விரும்பவில்லை என முன்னுரையில் தெளிவுபடுத்தினார். எனினும் அவர் படைத்த புரோமீத்தியஸ் தான் முன்னர் இட்ட சாபத்தைத் திரும்பப் பெற்ற பின்னரே கொடுங்கோன்மை வீழ்கிறது. கலகக்காரனும் வஞ்சினத்தைத் துறத்தல் வேண்டும் என்பது அவர் சேர்த்த புதுப்பொருள்.

மேரி ஷெல்லியின் புதினத்திற்கு 'நவீன புரோமீத்தியஸ்' என்பது துணைத்தலைப்பு. களிமண்ணால் மனிதனை வனைந்தவனாகப் புரோமீத்தியஸைக் காட்டும் மரபு ஓவிட் முதலியோரிடம் உண்டு. அதனை நெருப்புக் கதையோடு இணைத்தார் இவர். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனிடம் கலை இருக்கிறது. நாணமும் நீதியும் இல்லை. தான் படைத்த உயிரைக் கண்டதும் அஞ்சிக் கைவிடுகிறான். அவ்வுயிர் செய்த கொலைக்காகக் குற்றமற்ற ஜஸ்டின் தூக்கிலிடப்படுகையில் உண்மையை மன்றத்தில் கூறாது அமைகிறான். கைவிடப்பட்ட அவ்வுயிர் நெருப்பைத் தானே கண்டெடுக்கிறது. அதன் வெம்மையில் மகிழ்ந்து, கைவைத்துச் சுட்டுக்கொள்கிறது. தன்னை விரட்டியோர் வாழ்ந்த குடிலை அதே நெருப்பால் எரிக்கிறது. இறுதியில் தன்னையும் எரித்துக்கொள்ளப்போவதாகக் கூறிச் செல்கிறது. பிளேட்டோவின் உரையாடலில் கருத்தாக நின்ற போதாமை இங்கு நிகழ்ச்சிகளாக விரிகிறது.

இலக்கியம் கலகத்தைப் பாடியது, மெய்யியல் அதனைக் கட்டுப்படுத்தியது என எளிதாகப் பிரித்துவிடவும் இயலாது. எச்சரித்த மேரி ஷெல்லி புதின ஆசிரியர். 1841இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்னுரையில் புரோமீத்தியஸை மெய்யியலின் தலையாய தியாகியாகப் போற்றிய மார்க்ஸோ மெய்யியல் மாணவர்.

நிறைவாக

இருபதாம் நூற்றாண்டில் கலகக்காரனின் உருவமே முன்னேற்றத்தின் உருவமாகப் பரவியது. 1934இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் பொன்வண்ணச் சிலையாக அவன் நிறுவப்பட்டான். 1969இல் டேவிட் லாண்டஸ் ஐரோப்பியத் தொழில் வளர்ச்சியின் வரலாற்றுக்கு 'விடுபட்ட புரோமீத்தியஸ்' எனப் பெயரிட்டார். ஆயின் ஹிரோஷிமாவிற்குப் பின் மற்றை வினா மறையவில்லை. 1979இல் ஹான்ஸ் யோனாஸ், முற்றிலும் கட்டவிழ்ந்த புரோமீத்தியஸுக்குத் தன்னடக்கம் கற்பிக்கும் அறம் வேண்டும் என்னும் கருத்துடன் தம் பொறுப்புணர்வு பற்றிய நூலைத் தொடங்கினார். அணுகுண்டு ஆக்கத்திற்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமரின் வாழ்க்கை வரலாறு 2005இல் 'அமெரிக்கப் புரோமீத்தியஸ்' என்னும் பெயரில் வெளிவந்தது. அப்பெயரில் புகழும் துயரமும் ஒருங்கே ஒலிக்கின்றன.

இத்தொன்மம் மேலைப் பண்பாட்டிற்கு ஒரு கொள்கையை வழங்கவில்லை. தீராத வழக்கு ஒன்றையே வழங்கியது. அதிகாரத்தை எதிர்க்கும் உரிமை ஒருபுறமும், ஆற்றலைப் பெற்றோர் ஏற்க வேண்டிய பொறுப்பு மறுபுறமும் அவ்வழக்கில் நிற்கின்றன. எனவே, மேலைப் பண்பாட்டை ஆராய்வோர் முதற்குரலை மட்டும் கேட்டு அதனை முன்னேற்றத்தின் வெற்றிக்கதை என்றோ, இரண்டாம் குரலை மட்டும் கேட்டு அதனைச் செருக்கின் வீழ்ச்சிக்கதை என்றோ கொள்ளுதல் பிழையாகும். நெருப்பு களவாடப்படலாம், நீதி எல்லார்க்கும் பங்கிடப்பட்டாலன்றி நிலைபெறாது என்பதே இவ்வழக்கின் இருபுறமும் உணர்த்தும் உண்மையாகும்.