விருந்தினரும் வீட்டாரும்: இவான் இல்லிச்சின் உரையை ஓசூரிலிருந்து படித்தல்

அயல்நாட்டு இளைஞர் சிலர் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நம் நாட்டிற்கு வந்து, ஊரார் ஒருவரது இல்லத்தில் தங்கி, பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசியும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தும் திரும்பிச் செல்லும் வழக்கத்தை நம் சபைகள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. இன்று அது கட்டணம் பெற்று நடத்தப்படும் பயணத் திட்டமாகவும் வளர்ந்துள்ளது. நம் நாட்டுச் சுற்றுலா விசாவே, ஒரு மாதத்திற்கு மேற்படாததும் ஊதியமற்றதுமான தொண்டிற்கு இடமளிக்கிறது. இத்தகைய தொண்டின்மீது எழுந்த மிகக் கடுமையான கண்டனங்களுள் ஒன்று ஒரு கத்தோலிக்கக் குருவின் வாயிலிருந்தே வந்தது. அக்கண்டனத்தை ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்பகுதி மக்களின் வாழ்வோடு வைத்துப் பார்த்து, அது எவ்விடத்தில் நிற்கிறது, எவ்விடத்தில் நில்லாது போகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரையும் அதன் வலிமையும்

வியன்னாவில் பிறந்த இவான் இல்லிச், நியூயார்க் நகரில் குடியேறிய புவர்ட்டோ ரிக்கோ மக்களிடையே பங்குப்பணி ஆற்றியவர். பின்னர் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் ஒரு மையத்தை நிறுவி, இலத்தீன் அமெரிக்காவிற்குச் செல்லும் மிஷனெரிகளுக்கு மொழியும் பண்பாடும் கற்பித்தவர். கோடை விடுமுறையில் மெக்சிகோவின் சிற்றூர்களுக்குத் தொண்டாற்றச் சென்றுவந்த வட அமெரிக்க மாணவர்களின் கூட்டமொன்றில், 1968 ஏப்ரல் 20 அன்று அவர் உரையாற்றினார். நல்லெண்ணங்கள் நரகத்திற்குப் போகட்டும் என்று பொருள்படும் தலைப்பில் அவ்வுரை பின்னர் அறியப்பட்டது. தம்மை அழைத்தவர்களின் முகத்திற்கு நேரே, உதவி செய்வதற்காக வராதீர்கள் என்று அவர் கூறினார்.

அவர் காட்டிய காரணங்களுள் மூன்று நம் கருத்திற்குரியவை. முதலாவது, இம்மாணவர்கள் தாம் அறியாமலேயே தம் நாட்டு நடுத்தர வகுப்பாரின் வாழ்க்கைமுறையை விற்கும் வணிகராக வந்து நிற்கின்றனர். இரண்டாவது, மொழி அறியாத காரணத்தால், ஊரார் தம்மைக் குறித்து என்ன நினைக்கின்றனர் என்பதையும் அவர்கள் அறிய முடியாது. தம் சொந்த நகரத்து ஏழையரிடம் சென்றிருந்தால், போ என்று அவர்கள் சொல்வதாவது விளங்கியிருக்கும். மூன்றாவது, தொண்டர் பெறும் பாடத்திற்கு விலை கொடுப்பவர் ஊராரே. ஆகவே பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் முடிவு.

இக்காரணங்கள் ஓசூர்ப் பகுதிக்கு இருமடங்கு பொருந்தும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் விரைந்து வளர்ந்த ஊர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் வழங்குகின்றன. அடுக்களையில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், பள்ளியில் தமிழும் பேசும் வீடுகள் அங்கு அரிதல்ல. பத்துத் தமிழ்ச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு பெங்களூரில் வந்திறங்கும் இளைஞர், தாம் தங்கும் வீட்டார் எம்மொழியில் கவலைப்படுகின்றனர் என்பதைக்கூட உணரமாட்டார். அவர் வண்ணம் பூசும் சுவரோ, உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவருக்கு இரண்டு நாள் கூலி தந்திருக்கக்கூடிய சுவர். இதனை எண்ணாத தொண்டு, தொண்டு ஆகுமா?

உரை காணாத வீடு

எனினும் இல்லிச்சின் உரையில் ஒரு குறையை நாம் காண்கிறோம். அவருடைய பார்வை முழுவதும் கொடுக்க வருபவர்மீதே நிலைத்திருக்கிறது. ஊரார் பெரும்பாலும் தீங்கிற்கு ஆளாவோராகவே அதில் வருகின்றனர். வாசலில் நின்று வரவேற்கும் வீட்டாராக அவர்கள் வருவதில்லை. கொடுப்பவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருசேர அவரையே நடுவில் நிறுத்தி விடுகின்றனர்.

வீட்டினுள் நிகழ்வதை நாம் உற்று நோக்கவேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் வீடொன்றில் அன்றாட உணவு கேழ்வரகுக் களி. வந்தவர் அதனை மென்று தின்ன முயல்கிறார். களியை மெல்லலாகாது, குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும் என்று அவ்வீட்டுச் சிறுமி சிரித்துக்கொண்டே கற்றுத் தருகிறாள். அந்த நேரத்தில் ஆசிரியர் யார், மாணவர் யார்? உதவி பெறுபவர் யார்? கற்பிக்க வந்தவர் கற்பவராகவும், கொடுக்க வந்தவர் பெறுபவராகவும் மாறும் இடம் அவ்வீட்டின் தரையே. இம்மாற்றத்தை இல்லிச்சின் உரை கணக்கில் எடுக்கவில்லை.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்பும் ஆண்டவர், பணப்பையை எடுத்துச் செல்லவேண்டாம் என்கிறார். வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்கி, வைக்கப்படுவதை உண்ணும்படி கட்டளையிடுகிறார். பணப்பையை நீக்கியதன் பொருள் யாது? நற்செய்தியைக் கொண்டு செல்பவர் முதலில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவராக இருக்கவேண்டும் என்பதன்றோ! தொடக்கத் திருச்சபையின் ஒழுங்குகளைக் கூறும் திதாக்கே என்னும் நூல் இதனை மேலும் கண்டிப்பாக உரைக்கிறது. வரும் அப்போஸ்தலர் ஒருநாள் தங்கலாம், தேவையாயின் மறுநாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலித் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்தையன்றிப் பணம் கேட்டாலும் அவ்வாறே. நிலையாகத் தங்க விரும்பும் வழிப்போக்கர் ஒரு தொழில் செய்து உண்ணவேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் நம் பழமொழியை இங்கு நினையாதிருக்க முடியாது. இரண்டும் வீட்டாரின் பக்கம் நின்று பேசுகின்றன.

இவ்வளவுகோலால் அளந்தால், இன்றைய கட்டணத் திட்டங்களின் கோளாறு தங்கும் நாட்கள் குறைவாயிருப்பதில் இல்லை. பணப்பை முன்னதாகவே சென்றுவிடுவதில் இருக்கிறது. கட்டணம் செலுத்தியவர் விருந்தினர் அல்லர், வாடிக்கையாளர். களி வேண்டாம் என்று அவர் சொல்லலாம். வீட்டார் சொல்ல இயலாது. தம் ஒரே அறையை விட்டுக்கொடுத்துத் திண்ணையில் படுக்கும் பாட்டியிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

அண்டையில் ஒரு சான்று

நீண்டநாள் தங்குவது மட்டும் இக்குறையைத் தீர்த்துவிடாது. 1895இல் கிருஷ்ணகிரியில் மிசௌரி லுத்தரன் மிஷனின் பணியைத் தொடங்கிய நேதர், 1904இல் அங்கேயே பிளேக் நோயால் மரித்தார். அத்தகையோரின் தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆயினும் மிஷனெரிக் காலத்தின் பொதுவான அமைப்பில் பங்களா மிஷனெரியினுடையது, தாழ்வாரத்தில் வந்து நின்றவர் ஊரார். நாற்பது ஆண்டுகள் தங்கியும் ஒருநாளும் விருந்தினராக இராமல் போவதற்கு அவ்வமைப்பு இடங்கொடுத்தது.

இதற்கு மாறான சான்று கிருஷ்ணகிரிக்கு அண்டையிலுள்ள திருப்பத்தூரில் இருக்கிறது. 1921இல் அங்குக் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர் இருவர்: தமிழராகிய மருத்துவர் ஏசுதாசன், ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரெஸ்டர் பேட்டன். முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் மக்கள் அழைத்தனர். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் இனத்தவரின் இல்லத்தில் இளையவராக அமர்ந்தார் என்பதை அவ்வொரு சொல் உணர்த்துகிறது. அவர் கொண்டுவந்த மருத்துவக் கல்வியை மக்கள் ஏற்றது, அவர் அவ்விடத்தை ஏற்றதனால் அன்றோ? மூன்று வாரத்திற்கு வருபவரும் சின்னண்ணனாக வரலாம். முப்பது ஆண்டு தங்குபவரும் பெரியண்ணனாகவே இருந்துவிடலாம்.

நம்மை நோக்கும் கேள்வி

இதுவரை அயல்நாட்டாரைக் குறித்துப் பேசினோம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். அப்படியாயின் ஓசூரில் இன்று புதியவர் யார்? ஆலைகளிலும் கட்டுமானத்திலும் ரோஜாத் தோட்டங்களின் பசுமைக் குடில்களிலும் உழைக்க ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்திருப்பவர்களே. மின்னணு ஆலைகளின் விடுதிகளில் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட் ஆதிவாசி இளம்பெண்களுள், 1845 முதல் ராஞ்சி வட்டாரத்தில் வேரூன்றிய காஸ்னர் லுத்தரன் திருச்சபையின் பிள்ளைகளும் இருக்கக்கூடும். ஞாயிறு ஆராதனையில் அவர்கள் எங்கு அமர்கின்றனர்?

அயல்நாட்டவர் ஒருவர் நம் இல்லத்தில் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அவருக்கு மாலையிட்டு வரவேற்கும் சபை, 24 மாதங்களாக அடுத்த தெருவில் வாழும் ஒடிசாத் தொழிலாளியின் பெயரை அறியாதிருந்தால், நாம் வரவேற்றது அந்நியரையன்று, அவருடைய நாட்டின் செல்வாக்கையே. மத்தேயு 25இல் அந்நியராய் வந்தேன் என்று கூறுபவர் எந்நாட்டுக் கடவுச்சீட்டோடு வருவார் என்பதை ஆண்டவர் குறிப்பிடவில்லை.

இல்லிச்சின் உரையை இறையியல் மாணவர் அனைவரும் படிக்கவேண்டும். அயல்நாட்டுத் தொண்டரை நம் ஊருக்கு அழைக்குமுன் ஆயர்கள் அதனை மீண்டும் படிக்கவேண்டும். ஆனால் அவ்வுரையோடு நின்றுவிட்டால், வராதே என்று சொல்லக் கற்றவர்களாக மட்டுமே இருப்போம். வா என்று யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் நாம் கற்கவேண்டும். வரும் கிறிஸ்து பிறப்பு நாளில் நம் வீட்டு உணவில் ஒரு பங்கை, அடுத்த தெருவிலுள்ள வாடகை அறைக்கு அனுப்பிவைப்பதோடு நில்லாமல், அவ்வறையில் வாழ்பவரை நம் வீட்டிற்கே அழைத்து அமர்த்துவோமா? அவர் அழைத்தால் நாமும் அவ்வறைக்குச் சென்று, அவர் வைப்பதை உண்போமா?