புற்றுச் செல்லில் புற்றைத் தேடுவோர்

கோவிட் வந்த நாள் முதல் ஒரு வகை ஆய்வுக் கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. சார்ஸ்-கோவ்-2 வைரஸின் ஏதோ ஒரு புரதத்துக்கான மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஏற்றி நுரையீரல் செல்லுக்குள் செலுத்துகிறார்கள். ஓரிரு நாள் கழித்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணுக்களில் எவை ஏறின, எவை இறங்கின என்று பட்டியல் போடுகிறார்கள். பட்டியல் வராமல் போவது அபூர்வம். அந்நியப் புரதத்தை அளவுக்கு மீறித் திணித்தால் எந்தச் செல்லும் நெளியத்தான் செய்யும். கேட்டால், “இது மாதிரி அமைப்புதானே, எல்லாரும் இதை வைத்துத்தானே செய்கிறார்கள்?” என்பார்கள். ஒரு கருத்தரங்கில் நானும் கேட்டு, இதே பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முறையே வீண் என்று சொல்ல வரவில்லை. செல் புற்றாகாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதம் 1979-இல் கண்ணில் பட்டதே, எஸ்.வி.40 வைரஸின் டி ஆன்டிஜென் அதைப் பற்றிக்கொண்டிருந்ததால்தான். பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் அதே பி53-ஐச் சிதைப்பது 1990-இல் சோதனைக்குழாயில்தான் தெரிந்தது. புற்றுள்ள நோயாளியின் கட்டி மருந்துக்கு எப்படி இணங்கும் என்பதுதான் கேள்வி என்றால், புற்றுச் செல்லில் பார்ப்பதும் நியாயம். சார்ஸ்-கோவ்-2-இன் ஸ்பைக் புரதத்தின் எஸ்2 பகுதி பி53-இன் வேலையை மட்டுப்படுத்துகிறது என்று 2024-இல் ஆன்கோடார்கெட் இதழில் வந்த கட்டுரை, தான் பார்த்தது புற்றுச் செல்லில் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டது. நல்ல செல்லையே அது புற்றாக்கும் என்று பரப்பியவர்கள் வேறு ஆட்கள்.

என் சண்டை செல்லோடுதான். இந்த வகைக் கட்டுரைகளில் ‘நுரையீரல் செல்’ என்று வருவது பெரும்பாலும் ஏ549. 1970-களின் தொடக்கத்தில் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தது. அதில் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் மரபணு பிறழ்ந்திருக்கிறது, வளர்ச்சியைத் தடுக்கும் எஸ்டிகே11 செயலிழந்திருக்கிறது, அதே போலத் தடுக்கும் சிடிகேஎன்2ஏ அடியோடு இல்லை. மனிதச் செல்லில் 46 குரோமோசோம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இதில் 66-ஐ ஒட்டி. (கொரோனா வைரஸ் நுழைய வேண்டிய ஏஸ்2 வாசல்கூட இதில் சொற்பம். செயற்கையாக அதை ஏற்றிவிட்டுத்தான் தொற்றை உண்டாக்குகிறார்கள்.) இப்படிப்பட்ட செல்லில் ஒரு வளர்ச்சி மரபணு கொஞ்சம் ஏறியது என்றால், கரைபுரளும் ஆற்றில் ஒரு குடம் ஊற்றிவிட்டு நீர்மட்டம் அளப்பதற்கு அது சமம்.

பி53 மட்டும் ஏ549-இல் பழுதில்லாமல் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் செல் அத்துமீறிப் பெருகத் தொடங்கும்போது பி53-க்குத் தகவல் சொல்லும் ஏஆர்எஃப் புரதம், காணாமல் போன அந்தச் சிடிகேஎன்2ஏ மரபணுவிலிருந்துதான் வர வேண்டும். காவலர் நிலையம் இருக்கிறது, தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அங்கே போய் ‘காவலர் வரவில்லை, வைரஸ் தடுத்துவிட்டது’ என்று எழுதினால் எப்படி?

சரி, ஒப்பிட இயல்பான செல்லும் வைத்திருக்கிறோம் என்று சிலர் பியாஸ்-2பி-யைக் காட்டுவார்கள். எனக்குப் பொறுமை போவது இங்கேதான். புற்றில்லாத ஒருவரின் மூச்சுக்குழாய்ச் செல்லில் அடினோவைரஸ்-எஸ்.வி.40 கலப்பு வைரஸைச் செலுத்தி, சாகாமல் பெருகும்படி செய்தது அது, 1988-இல் வெளியானது. அதற்குள் டி ஆன்டிஜென் உட்கார்ந்து பி53-ஐயும் ஆர்பி என்ற இன்னொரு காவல் புரதத்தையும் கட்டிப் போட்டிருக்கிறது. வைரஸ் புரதம் என்ன செய்யும் என்று அறிய, வேறொரு வைரஸின் புரதம் முழு வேலையையும் முடித்துவிட்ட செல்லை ‘இயல்பானது’ என்று எதிரில் நிறுத்துகிறார்கள். மதிப்பீட்டாளர்களும் அதைக் கடந்து போகிறார்கள்.

உருப்படியான சான்று எப்படி இருக்கும் என்பதை ஆடுகளிடம் கேட்கலாம். யாக்சீக்டெ என்ற ரெட்ரோவைரஸ் செம்மறிகளுக்கு நுரையீரல் புற்றைத் தருகிறது. அதன் உறைப் புரதம் ஒன்றே அதற்குப் போதும் என்பதை 2005-இல் சுண்டெலியின் நுரையீரலிலும், 2006-இல் ஆட்டுக்குட்டியின் நுரையீரலிலும் கட்டியை வளர்த்தே காட்டினார்கள். கொரோனா விஷயத்திலும் முழு உயிரியில் பார்த்தபோது கதை வேறாக வந்தது. சுண்டெலி நுரையீரலில் உறங்கிக் கிடந்த மார்பகப் புற்றுச் செல்களை இன்ஃப்ளுயன்சாவும் சார்ஸ்-கோவ்-2-உம் எழுப்பிவிடுவதாக 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, அதற்கு உடலின் அழற்சியில் சுரக்கும் இன்டர்லூகின்-6 தேவைப்படுவதைக் கண்டது. அழற்சிச் செல்லே இல்லாத கிண்ணத்தில் ஏ549-ஐ மட்டும் வளர்ப்பவருக்கு இது எங்கே தென்படப் போகிறது?

கொடையாளரிடமிருந்து நேரடியாக எடுத்த மூச்சுக்குழாய்ச் செல்கள் விலைக்கே கிடைக்கின்றன. விலை அதிகம், சில தலைமுறை பெருகிவிட்டு நின்றுவிடும். ஆய்வகங்கள் தயங்குவது அதனால்தான். அப்படி நிற்க வேண்டிய செல், வைரஸ் புரதம் சேர்ந்தபின் நிற்காமல் போகிறதா என்று எண்ணிப் பார்த்த கட்டுரை ஒன்று வரட்டும். பட்டியலே இல்லாவிட்டாலும் படிக்கிறேன்.