ஆங்கில இலக்கணத்தில் கற்பித வழுக்கள்: ஒரு மதிப்பீடு

சொற்களின் ஆட்சியை வழு, வழாநிலை, வழுவமைதி எனப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. ஆங்கிலப் பள்ளி இலக்கணங்கள் பிழையெனக் கடியும் சில அமைப்புகளை இப்பகுப்பின் துணைகொண்டு நோக்கின், அவற்றை வழுவென ஒதுக்குதல் பொருந்தாமை புலனாகும். இக்கட்டுரை அத்தகைய மூன்று விதிகளை மதிப்பிடுகிறது.

முதலாவது, தொடரின் இறுதியில் முன்னுருபு நிற்றலாகாது என்பது. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்' என்னும் வினாவில் 'அட்' இறுதியில் நிற்கிறது. இவ்வமைப்பை 1672இல் ஜான் டிரைடன் பென் ஜான்சனின் நடையில் குறையாகச் சுட்டினார். 1684இல் தம் பழைய கட்டுரையொன்றை மறுபதிப்புச் செய்தபோது தம் தொடர்களையும் அதற்கேற்பத் திருத்தினார். ஆனால், 1762இல் இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லோத், இவ்வமைப்பு ஆங்கிலத்தின் இயல்பான போக்கு என ஒப்பினார். உயர்நடைக்கு முன்னுருபை முன்னிறுத்துதல் சிறக்கும் என்பதே அவர் கருத்து. அவர் கூறிய நடைவேறுபாட்டைப் பின்வந்த பாடநூல்கள் வழுவாக்கிவிட்டன.

இரண்டாவது, 'டு' என்பதற்கும் வினைக்கும் இடையே வினையடை வருதலாகாது என்பது. 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' என்பது இதற்குச் சான்று. ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் அறியாத வழக்கு இது என 1864இல் ஹென்றி ஆல்ஃபர்டு வாதிட்டார். 14ஆம் நூற்றாண்டு உரைநடையிலேயே இது காணப்படுதலின் அவ்வாதம் நிலைபெறவில்லை. இலத்தீனில் இவ்வினைவடிவம் ஒரே சொல்லாதலின் பிரிக்கலாகாது எனப் பிறர் கூறுவதும் ஏற்புடையதன்று. ஒரு மொழியின் சொல்லமைப்பு மற்றொரு மொழியின் தொடரமைப்புக்கு அளவுகோலாகாது. 1926இல் ஃபவுலரின் வழக்ககராதி இவ்விரு விதிகளையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தது.

மூன்றாவது, பால் அறியப்படாத ஒருவரைத் 'தே' எனப் பன்மையாற் சுட்டலாகாது என்பது. இவ்வழக்கும் 14ஆம் நூற்றாண்டு முதல் உள்ளது. ஜேன் ஆஸ்டின் நாவல்களிலும் பயில்கிறது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என விதித்தது. மக்கள் வழக்கோ மாறவில்லை. பன்மையாகிய 'யூ' ஒருமைக்குரிய 'தௌ'வின் இடத்தைக் கைப்பற்றியதை ஏற்பவர் 'தே'யை மறுப்பது முரண். தமிழிலும் 'அவர்' என்னும் பன்மை ஒருவரை உயர்த்திக் கூற வருகிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இத்தகைய ஆட்சியை விலக்கவில்லை. வழக்கினால் அமைந்தது, இலக்கண நெறியால் அமைந்ததன்று எனத் தெளிவுபடுத்தினார். நோக்கம் வேறெனினும் நிகழ்வு ஒன்றே.

ஆகவே முதலிரண்டும் வழாநிலையே. மூன்றாவது வழுவமைதியாகத் தோன்றி வழாநிலையாக நிலைத்தது எனலாம்.

இதனால் எல்லாப் பிழையும் வழக்கென அமையும் என்பதன்று. 'ஷி கோஸ்' என எழுதவேண்டிய மாணவர் 'ஷி கோ' என எழுதின், தர ஆங்கிலத்தில் அதற்கு ஆதரவில்லை. திருத்துதல் ஆசிரியர் கடன். நல்லாசிரியர் நூல்களிற் பயின்று, பொருள்மயக்கமும் தராத ஆட்சியே இங்குக் காக்கப்படுவது. இவ்வேறுபாடு உணரப்படாத வகுப்பறையில் மெய்யான பிழையும் கற்பிதப் பிழையும் ஒரே சிவப்பு மையால் அடிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் மாணவர் அதனால் இயல்பான தொடரை அஞ்சி விலக்கிச் செயற்கை நடையை நாடுகின்றனர். விதியைக் கற்பிக்குமுன் அதன் வரலாற்றை வினவுதல் மொழியாசிரியர்க்கு இன்றியமையாதது.