பீடின் திருச்சபை வரலாறு: சான்றும் மௌனமும்

முன்னுரை

மேற்கு உரோமப் பேரரசு கி.பி. 476இல் வீழ்ந்தது. பிரிட்டன் தீவினின்று உரோம ஆட்சி அதற்கு முன்பே, 410ஐ ஒட்டி, விலகிவிட்டது. அதன்பின் அங்கு எழுந்த ஆங்கில அரசுகளில் கிறித்தவம் வேரூன்றிய முறையை அறிய முதன்மைச் சான்றாக விளங்குவது, பீட் என்னும் துறவி 731இல் இலத்தீனில் எழுதி முடித்த 'ஆங்கில மக்களின் திருச்சபை வரலாறு' என்னும் நூலாகும். ஐந்து பகுதிகளைக் கொண்ட இந்நூல் சான்றுகளைப் பேணிய முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் தகுதியுடையதே. எனினும் சான்றைப் பேணுதல் வேறு. நடுநிலையில் நிற்றல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியே இங்கு ஆய்வுக்குரியது.

சான்று தேடிய முறை

ஏழு வயதில் மடத்தில் சேர்க்கப்பட்ட பீட், தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நார்தம்பிரியாவின் ஜாரோ மடத்திலேயே கழித்தவர். நார்தம்பிரிய மன்னன் கியோல்வுல்ஃபுக்கு உரைத்த முன்னுரையில், எந்தச் செய்தியை யாரிடமிருந்து பெற்றார் என்பதை அவர் நிரல்படக் கூறுகிறார். கேன்டர்பரி மடத்தலைவர் அல்பினஸ் ஊக்குவித்ததும், இலண்டன் குரு நோதெல்ம் உரோமின் ஆவணக்காப்பிலிருந்து திருத்தந்தையரின் மடல்களைப் படியெடுத்து வந்ததும் அதில் பதிவாகியுள்ளன. அம்மடல்களில் பலவற்றை அவர் தம் நூலில் சேர்த்துள்ளார். அவரை மறுத்துப் படிப்பதற்கான வாயிலையும் இச்செயலே திறந்து வைக்கிறது.

601ஆம் ஆண்டின் இரு மடல்கள்

திருத்தந்தை முதலாம் கிரிகோரி 596இல் அனுப்பிய அகஸ்டின் குழுவினர் 597இல் கென்ட் நாட்டை அடைந்தனர். அந்நாட்டு மன்னன் ஏதல்பர்ட்டின் மனைவி பெர்தா பிராங்கிய அரச குலத்தைச் சார்ந்த கிறித்தவர். 601இல் கிரிகோரி எழுதிய இரு மடல்கள் பீடின் நூலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. முதற்பகுதியின் 30ஆம் இயலில் மெல்லிட்டஸுக்கு எழுதிய மடல் உள்ளது. கோயில்களை இடிக்க வேண்டா, உள்ளிருக்கும் உருவங்களை மட்டும் அழித்துக் கட்டடங்களைத் தூய்மை செய்து பயன்படுத்துக என்பதும், பலியிடும் வழக்கத்தைத் திருநாள் விருந்தாக மாற்றுக என்பதும் அதன் கருத்து. 32ஆம் இயலில் ஏதல்பர்ட்டுக்கு எழுதிய மடல் உள்ளது. அது உருவ வழிபாட்டை ஒடுக்கிக் கோயில்களைத் தகர்க்குமாறு மன்னனை வலியுறுத்துகிறது.

இவற்றைப் பீட் தந்த வரிசையில் படிப்போர் மென்மையான அணுகுமுறையே திருச்சபையின் அடிப்படைக் கொள்கை என்று கொள்வர். கடுமையான மடல் மன்னனுக்குக் கூறிய தனி அறிவுரையாகச் சுருங்கிவிடும். ஆனால் நூலில் ஜூன் 17 என்று காணப்படும் மெல்லிட்டஸ் மடலின் நாளை ஜூலை 18 என ஆய்வாளர்கள் திருத்தியுள்ளனர். ஏதல்பர்ட் மடலின் நாள் ஜூன் 22. தூதர்கள் புறப்பட்ட பின்னரே மெல்லிட்டஸ் மடல் அனுப்பப்பட்டது எனப் பீடே கூறுவதும், நெடிது எண்ணி எடுத்த முடிவு என்று கிரிகோரி அம்மடலில் குறிப்பதும் இத்திருத்தத்திற்கு அரண் செய்கின்றன. இதன்படி இடிக்கும் ஆணையே முந்தியது. ஏறத்தாழ நான்கு வாரத்திற்குள் அது மாறியது. முன்பே வகுத்த கொள்கை ஒன்று படிப்படியாக நிறைவேறியது என்னும் தோற்றம் இங்குக் கலைகிறது. தடுமாறியும் திருத்திக்கொண்டும் சென்ற ஒரு முயற்சி வெளிப்படுகிறது. தவறான நாள் படியெடுத்தோரால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் வரிசை பொருளை மாற்றுகிறது என்பது மறுக்கவியலாதது.

தோற்றவர் குரல்

நார்தம்பிரிய மன்னன் எட்வின் 627இல் திருமுழுக்குப் பெற்றான். அதற்கு முன் நிகழ்ந்த அவைக் கூட்டத்தைப் பீட் நாடகமாகவே தீட்டுகிறார். பழைய சமயத்தின் தலைமைப் பூசாரி கோய்ஃபி, தெய்வங்களுக்குத் தன்னைவிட மிகுதியாகத் தொண்டு செய்தவர் இல்லை எனினும் மன்னனின் கொடை பிறர்க்கே மிகுதியாகக் கிடைத்தது என்று முறையிட்டுத் தன் கோயிலைத் தானே அழிக்க முன்வருகிறான். பழைய வழிபாட்டிற்காகப் பரிந்து பேச அவ்வவையில் ஒருவரும் இல்லை. நிகழ்வு நடந்து நூறாண்டுக்குப் பின் எழுதப்பட்ட இக்காட்சியில், தோற்றவர் வென்றவருக்கு வேண்டிய சொற்களையே பேசுகின்றனர்.

பீட் பழைய சமயத்தை அறியாதவர் அல்லர். 725இல் எழுதிய காலக்கணிப்பு நூலில் பழைய மாதப் பெயர்களையும் ஈயோஸ்டர் என்னும் பெண் தெய்வத்தையும் அவர் குறித்துள்ளார். வரலாற்று நூலிலோ வோடன் மன்னர் குலங்களின் முன்னோனாக மட்டுமே வருகிறான். எனவே இம்மௌனம் அறியாமையால் விளைந்ததன்று, தெரிந்தெடுத்தது எனலாம். ஆயினும் கிழக்கு ஆங்கில மன்னன் ரெட்வால்ட் ஒரே கோயிலில் கிறித்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறு பீடமும் வைத்திருந்த செய்தியை அவர் மறைக்கவில்லை. இகழ்ச்சியுடன் கூறப்பட்ட அச்செய்தியே அக்கால மக்களின் உண்மையான மனநிலையை இன்று காட்டி நிற்கிறது.

இரு அளவுகோல்கள்

செஸ்டர் போரில் (ஏறத்தாழ 616) ஆங்கில மன்னன் எதெல்ஃபிரித், பிரிட்டானியப் படைக்காக வேண்டிக்கொண்டிருந்த பேங்கர் மடத் துறவியரைக் கொன்றான். கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 1200 பேர் எனப் பீட் கூறுகிறார். கொன்றவன் கிறித்தவன் அல்லன். இறந்தவர்களோ கிறித்தவத் துறவியர். இருந்தும் அகஸ்டினின் எச்சரிக்கை பலித்தது என்றே அவர் எழுதுகிறார். ஆங்கிலேயருக்கு நற்செய்தியை அறிவிக்காததும் ஈஸ்டர் நாள் கணக்கில் மாறுபட்டதும் அவர் கண்ட பிரிட்டானியக் குற்றங்கள். அயோனாவிலிருந்து வந்து 635இல் லின்டிஸ்ஃபார்னில் ஆயர் பீடம் நிறுவிய ஏய்டனும் அக்கணக்கில் மாறுபட்டவரே. அவரது பிழையை ஏற்காத பீட், அவரது எளிமையையும் ஈகையையும் மனமாரப் போற்றுகிறார். ஆகவே தீர்ப்பை நிறுவியது நாள்கணக்கு மட்டுமன்று. ஆங்கில மக்களுக்கு ஒருவர் செய்த தொண்டும் அளவுகோலாகியது என்பது புலப்படுகிறது.

நூலுக்குப் புறத்தே

நூலின் இறுதியில் நார்தம்பிரியர் பலர் படைக்கலம் துறந்து துறவு பூணுவதைச் சுட்டி, அதன் விளைவை அடுத்த தலைமுறை காணும் என்ற அளவில் பீட் நிறுத்திக்கொள்கிறார். 734இல் ஆயர் எக்பர்ட்டுக்கு எழுதிய மடலில் அத்தயக்கம் இல்லை. ஆயரை ஒருமுறையும் காணாத சிற்றூர்களும் அவருக்கு இறை செலுத்துவதையும், பிரபுக்கள் துறவின் பெயரால் நிலங்களைக் கைப்பற்றுவதையும் அவர் கடிந்துரைக்கிறார். மூன்றாண்டுக்கு முன் மன்னனுக்குரிய வரலாற்றில் அடங்கியிருந்த கவலை, ஆயருக்குரிய மடலில் வெளிப்படுகிறது. படிப்போர் யார் என்பது சொல்லும் உண்மையின் அளவை வரையறுத்தது எனக் கருதலாம்.

முடிவுரை

பீடைப் பொய்யர் எனத் தள்ளுவதும் குறையற்ற சான்றாளர் எனக் கொள்வதும் ஒருசார் பார்வைகளே. அவர் நிகழ்ச்சிகளை வென்றவர் பக்கம் நின்று வரிசைப்படுத்தினார். சிலவற்றை மௌனத்தில் விட்டார். அதே வேளையில் தம் வரிசையைக் குலைக்கவல்ல மடல்களையும் நாள்களையும் நீக்காமல் காத்தார். உரோமுக்குப் பிந்தைய கிறித்தவ எழுச்சியை அறிய முற்படும் ஆய்வாளர், அவர் கூறும் முடிவைவிட அவர் காத்துத் தந்த சான்றையே முதலில் நோக்க வேண்டும். தம்மையே மறுக்கும் சான்றையும் தம் நூலுக்குள் வைத்துச் சென்றமையே அவரது நேர்மைக்கு உறுதியான சான்றாகும்.