தந்தையர் நாள் பரிசு: ஒரு மதிப்பீடு

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று தந்தைக்குப் பரிசளிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உருப்பெற்று, இன்று தமிழகத்து நகரக் குடும்பங்களிலும் வேரூன்றி வருகிறது. தாயை இழந்த பிள்ளைகளைத் தனியொருவராக வளர்த்த தம் தந்தையைப் போற்ற விரும்பிய சொனோரா ஸ்மார்ட் டாட் என்னும் பெண்மணியின் முயற்சியால், 1910 ஜூன் 19 அன்று வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் இந்நாள் கொண்டாடப்பட்டது. 1972இல் அதிபர் நிக்சன் கையொப்பமிட்ட பிறகே அது சட்டப்படியான தேசிய நாளாயிற்று. இடையில், 1930களில் நியூயார்க் ஆண்கள் ஆடை வணிகர்கள் இதனைப் பரப்ப முனைந்து நின்றனர். நன்றியுணர்வும் வணிக நோக்கமும் சேர்ந்து வளர்த்த வழக்கம் என்பதால், இதன் நிறைகுறைகளைப் பிரித்தறிந்தே மதிப்பிட வேண்டும்.

பரிசு என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடமைகளால் மனிதரைப் பிணைக்கிறது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார். பள்ளிக் கட்டணம் முதல் தீபாவளித் துணி வரை கொடுப்பவராகவே வாழ்ந்து பழகிய தந்தையை, ஒரு நாளேனும் ஏற்பவராக அமர்த்துவது இவ்வழக்கத்தின் முதன்மையான சிறப்பு. அன்பை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமில்லாத வீடுகளில், சொல்ல வந்ததைப் பரிசுப்பொருளே சொல்லிவிடுகிறது.

எனினும், கழுத்துப்பட்டை, சட்டை, பணப்பை என்று கடைகள் வகுத்து வைத்திருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது, குறிப்பிட்ட ஒரு மனிதர் மறைந்து, 'அப்பா' என்னும் பொதுவார்ப்பே எஞ்சுகிறது. பெறுபவர் ஒரு பரிசுக்குத் தரும் மதிப்பு, அதற்குச் செலவிட்ட தொகையைவிடப் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குறையலாம் என்று பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளை வைத்துக் கணித்தார். உணர்வுசார்ந்த மதிப்பை அக்கணக்கு விலக்கியிருந்தது என்பதால் அதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் தேவையறியாத பரிசு வீணாகும் என்பதை அது தெளிவாகவே உணர்த்துகிறது. எதிர்பாராத பரிசைக் காட்டிலும் கேட்ட பொருளைப் பெறுவதையே பெறுபவர்கள் மிகுதியும் போற்றுகின்றனர் என்று பிரான்செஸ்கா ஜீனோவும் பிரான்சிஸ் ஃபிளினும் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

ஆனால் கேட்டறியும் வழி தமிழ்க் குடும்பங்களில் எளிதன்று, "எனக்கு எதுக்குப்பா இப்ப வீண் செலவு?" என்பதே பெரும்பாலான தந்தையரின் மறுமொழி. புதுச்சட்டை உறைகூடப் பிரிக்கப்படாமல் பீரோவில் கிடக்க, அதே தந்தை காதில் மாட்டும் கம்பி தளர்ந்த மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு செய்தித்தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படிக்கும் வீடுகள் பல. அவர் வாய்திறந்து கேட்காத தேவையை அந்தக் கை காட்டிக்கொடுக்கிறது. அதனைக் கண்டு, கண் பரிசோதனைக்கு உடன் சென்று புதிய கண்ணாடி வாங்கித் தருபவரே சிந்தித்துப் பரிசளித்தவராவார்.

பயன்பாடு ஒன்றையே அளவுகோலாக்குவதிலும் குறையுண்டு. ஆண்டுதோறும் இரத்த அழுத்தமானி, முழங்கால் உறை என்றே வாங்கித் தந்தால், அன்பு உண்மையானதாயினும் தந்தை நோயாளியாகவே நோக்கப்படுகிறார். இளமையில் கைவிட்ட கேரம் ஆட்டமும், போக நினைத்துத் தள்ளிப்போட்ட ஊரும் அவருடைய தேவைகளே. திறன்பேசியைக் கொடுத்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கவும் காணொலி அழைப்பை எடுக்கவும் பொறுமையாகக் கற்றுத்தராமல் எழுந்துபோவது பரிசைப் பாதியில் நிறுத்துவதாகும்.

ஆகவே, இவ்வழக்கம் கைவிடத்தக்கதன்று, திருத்திக்கொள்ளத்தக்கது. நாட்காட்டி குறிக்கும் நாளை நினைவூட்டலாக மட்டும் கொண்டு, தேர்வுக்கான கவனிப்பை ஆண்டு முழுவதும் பரப்புவதே முறை. விலையைவிட, தந்தையை ஒரு தனிமனிதராக அறிந்துகொள்ளப் பிள்ளைகள் செலவிட்ட நேரமே அப்பரிசின் தகுதியை முடிவு செய்கிறது.